மூச்சே விட முடியாதவரை உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள்: அப்பாவை அனுப்பலாமா?

மண்டூர்_மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. 28 வருடம் நெல்லு மில்லில் வேலை. உமித்தூசி, நெல் அவிக்கும் புகை, போதாததற்குப் பீடி. பீடியை விட்டு நாலு வருடம். மூச்சு மட்டும் முன்னைவிட மோசம். கிளினிக் கொப்பியில் சி.ஓ.பி.டி (மூச்சுக்குழாய் ஒடுங்கும் நாட்பட்ட நுரையீரல் நோய்) என்று எழுதியிருக்கிறார்கள். வாயால் மருந்தை இழுக்கும் பம்ப் இரண்டு எடுக்கிறார். போன மாரியில் சளி கூடி ஆறு நாள் வார்ட்டில் கிடந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து சாய்மனைக் கதிரைதான் வாழ்க்கை. கக்கூசுக்குப் போய் வந்தாலே தோளைத் தூக்கித் தூக்கி இழுக்கிறார். அதனால் சாப்பாடு, தேத்தண்ணி எல்லாம் அவர் இருக்கும் இடத்துக்கே போகும். குளிக்க வார்ப்பதும் தம்பிதான்.

இந்த முறை கிளினிக்கில் புதிய டொக்டர் ஒருவர். "இவரை ஏன் இருத்தி வைத்திருக்கிறீர்கள்? நடக்க வையுங்கள்" என்று சொல்லி, நுரையீரல் நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்புக்குப் போகச் சொல்லி பிசியோவுக்குத் (பிசியோதெரபி) துண்டு எழுதித் தந்தார். கிழமைக்கு இரண்டு நாள், எட்டுக் கிழமை. முன்பு காட்டிய இடத்தில் "இனி ஓய்வாக இருங்கள் ஐயா" என்று சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் இருந்தோம். அம்மாவுக்குப் பயங்கரக் கோபம். "இருக்கிற மூச்சையும் நடந்து முடிக்கவா?" என்கிறா.

அதோடு, பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, பிறகு பஸ். தம்பிக்குப் பதினாறு நாள் கூலி போகும். அவ்வளவுக்கு இதில் பலன் இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையபாலம்

அனுப்புங்கள் தங்கச்சி. யோசிக்க வேண்டாம்.

எனக்கு வந்தது காசநோய். ஆறு மாதம் மருந்து குடித்துக் கிருமி போய்விட்டது, ஆனால் இடது பக்க நுரையீரலின் மேல்பகுதி தழும்பாகிவிட்டது. காசம் மாறியது, மூச்சு மாறவில்லை. எல்லோரும் "உனக்குத்தான் சுகமாகிவிட்டதே" என்பார்கள். படி ஏறும்போது எனக்குத்தான் தெரியும்.

இந்தப் பயிற்சிக்குப் போன முதல் நாள், ஆஸ்பத்திரி நடையில் 30 மீற்றர் அளந்து இரண்டு பக்கமும் அடையாளம் வைத்து, ஆறு நிமிடம் போய்வரச் சொன்னார்கள். ஓடக் கூடாது, களைத்தால் நிற்கலாம், ஆனால் மணிக்கூடு நிற்காது. இரண்டு தரம் சுவரில் சாய்ந்தேன். 210 மீற்றர். கடைசி நாள் 265. கேட்க அற்பமாக இருக்கும். எனக்கு அந்த 55 மீற்றர்தான் சந்தைக்குத் தனியாகப் போவதற்கும் மகனை அனுப்புவதற்கும் இடையிலான தூரம்.

இப்போது காலையில் மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலத்தில் நடக்கிறேன். 1924இல் கட்டியது, என்னைப் போல அதுவும் பாரம் குறைத்து வேலை செய்கிறது. பாலத்துக்கடியில் மீன் பாடும் என்பார்கள். முதல் கிழமைகளில் என் நெஞ்சு பாடிய பாட்டில் மீன் பாடியிருந்தாலும் கேட்டிருக்காது.

வட்டவிதானை

எல்லாம் சரி. ஒரு கேள்வி. நுரையீரல் கெட்டது கெட்டதுதானே? நடந்தால் அது திரும்பி வளருமா? எங்கள் பெரியப்பாவுக்கும் இதே வருத்தம். "நட, நட" என்று ஆட்கள் சொல்லி, ஒரு நாள் வரம்பில் நடந்து போய் விழுந்து எழும்பவில்லை. பிறகு பார்த்தால் இதயத்திலும் கோளாறு. டொக்டர்மார் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், தூக்கிக்கொண்டு வருவது நாங்கள்.

காலடி_பிசியோ

நான் பிசியோதெரபி வேலையில் இருப்பவள். எங்கே என்று சொல்லப்போவதில்லை. இங்கே எழுதுவது பொதுவான விளக்கம், இதை வைத்து யாரும் தன் வீட்டில் தானாகத் தொடங்க வேண்டாம்.

வட்டவிதானை அண்ணனுக்கு முதலில். நீங்கள் சொல்வதில் பாதி முழுக்கச் சரி. சி.ஓ.பி.டியில் கெட்ட நுரையீரல் பயிற்சியால் திரும்பாது. எட்டுக் கிழமை கழித்து ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் காற்றை ஊதி அளக்கும் சோதனை) ஊதச் சொன்னால் அநேகமாக அதே எண்தான் வரும். அதைத் திருத்துவோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்போ எது திருந்துகிறது? கால்.

மூச்சு முட்டும் என்று பயந்து ஒருவர் உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசைதான் முதலில் கரைகிறது. பலமில்லாத தசை கொஞ்ச வேலைக்கே அமிலத்தைச் சேர்த்துவிடும். அந்த அமிலத்தால் உடம்பில் கரியமிலவாயு கூடும், அதை வெளியேற்ற இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டும். ஆக, ஆரோக்கியமான காலுக்கு இருபது மூச்சுப் போதுமான இடத்தில் மெலிந்த காலுக்கு முப்பது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலால் அந்த முப்பதைக் கொடுக்க முடியாது. ஆள் இன்னும் பயந்து இன்னும் உட்காருவார். தங்கச்சியின் அப்பா சாய்மனைக்கு வந்த வழி இதுதான். நீங்கள் அன்பால் செய்தீர்கள், குற்றம் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நோயாளியை எழும்ப விடாமல் பார்ப்பதுதானே நல்ல பிள்ளைக்கு அடையாளம்.

இன்னொன்று, சி.ஓ.பி.டியில் கஷ்டம் மூச்சை இழுப்பதில் என்று நினைக்கிறோம். உண்மையில் சிக்கல் வெளியே விடுவதில். குழாய்கள் ஒடுங்கியதால் பழைய காற்று முழுக்க வெளியேறாமல் தங்கும். வேகமாக மூச்சு வாங்க வாங்க இன்னும் தங்கும். ஏற்கனவே ஊதிய பலூனுக்குள் மேலும் ஊதுவது போல. அதற்குத்தான் உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொல்கிறோம்: மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, நாலு எண்ணும்வரை விடுவது. அடுப்பை ஊதுவது போல அல்ல, சூடான தேத்தண்ணியை ஆற்றுவது போல.

பெரியப்பா விழுந்த கதைதான் நாங்கள் முதல் நாள் சோதனையை விடாமல் செய்வதற்குக் காரணம். அண்மையில் மாரடைப்பு வந்தவர், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், கட்டுக்குள் வராத பிரஷர், இதய வால்வு கடுமையாக ஒடுங்கியவர்: இவர்களை டொக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை நடக்கவிட மாட்டோம். "நட" என்று சும்மா சொல்வதற்கும் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஒட்சிசன் எவ்வளவு, நாடி எவ்வளவு, எத்தனை நிமிடம், எந்த வேகம் எல்லாம் மருந்தின் அளவு போல எழுதித் தருவது.

பலன் இருக்கிறதா என்ற கேள்வி உலகத்தில் முடிந்துபோன கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2015 மீளாய்வு 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மூச்சுத்திணறல், களைப்பு, நடக்கும் திறன், அன்றாட வாழ்க்கை எல்லாவற்றிலும் தெளிவான முன்னேற்றம். இனி "பலன் உண்டா" என்று பார்க்க இதே மாதிரி ஆய்வு தேவையில்லை என்றே சொல்லிவிட்டார்கள். பாதை ஏறி வரும் ஆளுக்கு அதை எப்படிக் கிடைக்கச் செய்வது என்பதுதான் மிச்சக் கேள்வி. அதற்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை.

சம்மாந்துறை_ராத்தா

பீடி குடித்தவர்களின் கதையாகவே போகிறது, எங்கள் உம்மாவின் கதையையும் கேளுங்கள். 61 வயது. வாழ்க்கையில் ஒரு சிகரட் தொட்டதில்லை. கிளினிக்கில் "புகைப்பீர்களா?" என்று கேட்டதும் சிரித்துவிட்டா. பிறகு டொக்டர் "எந்த அடுப்பு?" என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. நாற்பது வருடம் விறகும் தேங்காய்ப் பொச்சும். மா வறுப்பது, இடியப்பம் அவிப்பது, பெருநாளைக்குப் பலகாரம் எல்லாம் புகைபோக்கி இல்லாத குசினியில். காஸ் வாங்கிக் கொடுத்தோம். 2022இல் காஸ் இல்லாமல் போனதும் திரும்ப விறகு. அந்த வருடம்தான் மிக மோசம்.

பயிற்சிக்கு அனுப்பினால் முதல் நாளே திரும்பி வந்துவிட்டா. உள்ளே முழுக்க ஆம்பிளைகள். அவர்களுக்கு முன்னால் கை தூக்கு, கால் தூக்கு என்றால் உம்மா செய்வாவா? நான் போய்க் கதைத்தேன். பிசியோ மிஸ் நல்ல பிள்ளை, பெண்களுக்கு வேறு நேரம் ஒதுக்கினா. நாலு பேர் சேர்ந்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் உம்மா அன்றோடு சரி.

உம்மாவுக்குப் பெரிய கவலை தொழுகை. குனிந்தால் மூச்சு அடைக்கும், சுஜூதிலிருந்து எழும்பினால் கண் இருட்டும். கதிரையில் இருந்து தொழலாம் என்று எல்லோரும் சொன்னோம். மார்க்கத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. மனசு கேட்கவில்லை. மிஸ் ஒரு சின்ன விஷயம்தான் சொல்லிக் கொடுத்தா: பாரமான அசைவு எதுவோ அப்போது மூச்சை வெளியே விடு, அடக்காதே. குனியும்போது விடு, நிமிர்ந்து நின்று இழு. அதோடு கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருக்கும் பயிற்சி. ஒரு நிமிடத்துக்கு 9 தரத்தில் தொடங்கினா, இப்போது 14. ஃபஜர் (விடியற்காலைத் தொழுகை) நின்று தொழுகிறா, மற்றது கதிரையில். அவவே அப்படிப் பிரித்துக்கொண்டா.

நடத்துனர்

"முட்டு வருத்தத்தை 15 நாளில் முற்றாக மாற்றும் பொடி" என்று போன் இலக்கத்தோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது வந்தால் கணக்கும் போகும்.

லெஸ்டர்_மச்சான்

நான் பிறந்தது ஆரையம்பதி, இருப்பது இங்கிலாந்து லெஸ்டர். மாமா இங்கே இதே வகுப்புக்குப் போகிறார். ஆறு கிழமை, கிழமைக்கு இரண்டு தரம். அவருக்கு வைத்தது வேறு சோதனை. இரண்டு கூம்பு வைத்து, ஒரு சுற்று 10 மீற்றர், ரெக்கோர்டரில் பீப் சத்தம் வரும், அடுத்த பீப்புக்குள் மற்றப் பக்கம் சேர வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் பீப் வேகமாகும். 1992இலேயே வந்த சோதனையாம். மாமா அதைப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மாதிரி நினைத்து முதல் நாளே திட்டு வாங்கினார்.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். மாதக்கணக்கில் காத்திருந்துதான் இடம் கிடைத்தது. மாமாவோடு தொடங்கியவர்களில் பாதிப் பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். குளிர், கூட்டிப்போக ஆளில்லை, "களைப்பாக இருக்கிறது". கூலியும் பாதையும் இல்லாத ஊரிலேயே இந்த நிலை என்றால் மண்டூரில் இருந்து போவது சும்மா காரியமில்லை.

இங்குள்ள பல்கலைக்கழகமும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகமும் சேர்ந்து, இலங்கை ஆட்களுக்கு ஏற்ற மாதிரி இந்தப் பயிற்சியை எப்படி மாற்றுவது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். கொழும்புப் பக்கத்தோடு நிற்காமல் கிழக்குக்கும் வந்தால் நல்லது.

வட்டவிதானை

கால் என்ற விளக்கம் விளங்குகிறது. ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, விளங்குகிறது. ஆனால் மூச்சு முட்டும்போது இது பயிற்சியால் வரும் முட்டா, ஆளை முடிக்கும் முட்டா என்று வயலில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

காலடி_பிசியோ

இதுவரை வந்ததில் இதுதான் நல்ல கேள்வி.

நாங்கள் 0 முதல் 10 வரை ஓர் அளவுகோலைக் காட்டுவோம். 0 என்றால் முட்டே இல்லை, 10 என்றால் இதற்குமேல் தாங்க முடியாது. 3, 4 அளவில் நடக்க வைப்போம். எழுத்து வாசிக்காத ஐயாமாருக்குப் பேச்சுத்தான் அளவு. நாலைந்து சொல்லாகத் துண்டு துண்டாகக் கதைக்க முடிந்தால் சரி. குடும்பக் கதை முழுக்கத் தங்கு தடையில்லாமல் வந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும்.

பயிற்சி முட்டு நின்றதும் இறங்கத் தொடங்கும். முன்னால் சாய்ந்து, கையை முழங்காலிலோ வேலியிலோ ஊன்றி, உதட்டைக் குவித்து விட்டால் சில நிமிடத்தில் பழைய நிலை. நின்றும் இறங்காத முட்டு, நெஞ்சுவலி, தலைசுற்று, குளிர்ந்த வியர்வை, உதடு நீலம், தாறுமாறாக அடிக்கும் நாடி என்றால் பயிற்சி அன்றோடு சரி, உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் வந்தாலும், சளி நிறம் மாறி அளவு கூடினாலும் அந்த நாட்களில் நடக்கச் சொல்ல மாட்டோம்.

கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றர் பல வீட்டில் கிடக்கிறது. பயன்படுத்தலாம். ஆனால் குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சுப் போட்ட விரலிலும் பிழையாகக் காட்டும், நடந்துகொண்டே பார்த்தாலும் குதிக்கும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிற்பது என்பதை உங்கள் பிசியோவிடம் கேட்டு எழுதி வையுங்கள், ஆளுக்கு ஆள் மாறும்.

மண்டூர்_மகள்

போய் வந்தோம்! முதல் நாள் சோதனை முடிந்தது.

225 மீற்றர். ஒட்சிசன் 95இல் தொடங்கி 89க்கு வந்தது, இருந்து ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டது. அந்த 0-10 கோலில் 5 என்று காட்டினார். வெளியே வந்ததும் அப்பா சொன்னது, "இவ்வளவு தூரம் நடந்து எவ்வளவு நாள்." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பம்ப் அடிக்கும் முறையே இத்தனை நாள் பிழையாம். அழுத்திய பிறகு இழுத்திருக்கிறார், மருந்தெல்லாம் நாக்கில். இப்போது ஸ்பேசர் (பம்பில் பொருத்தி இழுக்கும் குழல்) ஒன்றோடு.

கணக்கு இப்படி: ஆறு நிமிடத்தில் 225 என்றால் நிமிடத்துக்கு 37 சொச்சம். அதில் எண்பது வீதம், அதாவது நிமிடத்துக்கு 30 மீற்றர் வேகத்தில் பத்து நிமிடம். நைலோன் கயிற்றால் எங்கள் படலையில் இருந்து 30 மீற்றர் அளந்தோம். சரியாகப் பக்கத்து வீட்டு முருங்கையில் முடிகிறது. ஒரு நிமிடத்துக்கு ஒரு முருங்கை. கைப் பயிற்சிக்குத் தூக்க அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு.

போக்குவரத்தைச் சொன்னதும் பிசியோ கிழமைக்கு ஒரு நாள் வாருங்கள், மற்ற நாட்கள் வீட்டில், போனில் கேட்பேன் என்றா. காலடி அக்கா, இது பரவாயில்லையா?

காலடி_பிசியோ

பரவாயில்லை. இரண்டு நாள் நேரில் வருவதுதான் நல்லது. ஆனால் வராத இரண்டு நாளைவிட வருகிற ஒரு நாள் மேல். போனில் கேட்கும்போது அப்பாவைக் கதைக்க விடுங்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

வட்டவிதானை

நிமிடத்துக்கு 30 மீற்றர். எருமை இதைவிட வேகமாகப் போகும். நடக்கட்டும். ஒன்று சொல்கிறேன், கச்சான் காற்று தொடங்கினால் பத்து மணிக்கு மேல் வெளியே விடாதீர்கள், தூசியும் சூடும். வெட்டு நடக்கும் நாட்களில் மெஷின் ஓடும் வயல் பக்கமும் வேண்டாம். இது எனக்குத் தெரிந்த விஷயம்.

பழையபாலம்

அப்பாவுக்கு சைக்கிள் இருக்கிறதா தங்கச்சி? ஓட வேண்டாம், ஹாண்டிலைப் பிடித்துக் கொஞ்சம் சாய்ந்து உருட்டிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். கைக்குப் பிடிமானம் இருந்தால் மூச்சு இலேசாக இருக்கும். அதைவிட முக்கியம், சைக்கிளோடு போகிறவரை யாரும் "என்ன, சுகமில்லையா?" என்று நிறுத்திக் கேட்பதில்லை.

சம்மாந்துறை_ராத்தா

ஹாஹா, இது நூற்றுக்கு நூறு. உம்மா சந்தைக் கூடை ஒன்றை வெறுமையாகக் கொண்டு நடப்பா.

மண்டூர்_மகள்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். நேராகச் சொன்னால், ஒழுங்காகப் போகவில்லை. எட்டில் இரண்டு நாள் தவறியது. ஒன்று மழையும் காற்றும், மற்றது தம்பிக்கு வெட்டு வேலை, விட முடியவில்லை. நாலாம் கிழமை சளி பிடித்து ஐந்து நாள் நிறுத்தினோம். அம்மா "சொன்னேனே" என்று தொடங்கினா. பிசியோ போனில் அம்மாவோடு அரை மணி நேரம் கதைத்த பிறகு அடங்கினா. திரும்பத் தொடங்கும்போது ஐந்து முருங்கைதான் முடிந்தது.

நேற்றுக் கடைசிச் சோதனை. 268 மீற்றர். 30 மீற்றர் கூடினாலே நோயாளிக்கு உணர்கிற மாற்றமாம், எங்களுக்கு 43. ஸ்பைரோமெட்ரி நீங்கள் சொன்ன மாதிரி அப்படியே நிற்கிறது. வட்டவிதானை அண்ணனுக்காகவே கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

வட்டவிதானை

அதே நுரையீரல், 43 மீற்றர் கூட. சரி. வீட்டில் என்ன செய்கிறார் இப்போது? அதைச் சொல்லுங்கள்.

மண்டூர்_மகள்

சாய்மனை மத்தியானத்துக்கு மட்டும். காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு துறையடி வரைக்கும் போய், பாதையில் வருகிற ஆட்களோடு கதைத்துவிட்டு வருகிறார். நேற்று முன்தினம் தம்பியை விலக்கிவிட்டுக் கிணற்றில் தானே அள்ளிக் குளித்தார். ஆறு வாளி. நடுவில் இரண்டு தரம் கிணற்றுக் கட்டில் கை ஊன்றி நின்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தா. இதற்கு விடலாமா அக்கா? கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகும்போதுதான் அதிகம் இழுக்கிறது.

காலடி_பிசியோ

விடுங்கள். கை மேலே போகும்போது இழுப்பது வழமை, மூச்சுக்கு உதவும் தோள் தசைகளும் அந்த வேலைக்குப் போய்விடுகின்றன. வாளியை அரைவாசி மட்டும் நிரப்பச் சொல்லுங்கள், இழுக்கும்போது மூச்சை விட வேண்டும். கிணற்றடியில் ஒரு ஸ்டூல் வையுங்கள், இருந்து வார்க்கட்டும். பாசியைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், எனக்கு இப்போது அவருடைய நுரையீரலைவிட வழுக்கி விழுவாரோ என்பதுதான் பயம்.